வெள்ளையாக விட்ட கட்டம்

என் தங்கையைப் பற்றி யார் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசுவேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தெரியாத்தனமாக "கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனதும் உண்டு. ஆனால் அப்படிப் பேசும்போதெல்லாம் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன். மீதியை இங்கே எழுதுகிறேன். அதில் என் தங்கையின் குறை கொஞ்சம், என் குறை அதிகம்.

வீட்டில் அவள் பெயர் பொடிசு. பிறந்தபோது இரண்டு கிலோகூட இல்லை. இப்போது முப்பத்தெட்டு வயது, என்னைவிட அரை அடி உயரம், ஆனாலும் பொடிசுதான். எனக்கும் அவளுக்கும் பதினோரு வருட வித்தியாசம். அம்மா குடலில் புற்றுநோய் வந்து நாற்பத்து நான்கு வயதில் போனபோது அவளுக்கு எட்டு வயது. அப்பா லாரி ஓட்டினார். மாதத்தில் இருபது நாள் சாலையில் இருப்பார். நான் பத்தாவதோடு நின்று, சட்டைக் கம்பெனியில் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

காலையில் அவளுக்கு நான்தான் தலை பின்னுவேன். இரண்டு பின்னலும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று இன்ச் டேப் வைத்து அளப்பேன். கால் இன்ச் வித்தியாசம் இருந்தாலும் அவிழ்த்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன். தினமும் தாமதமாக வந்தவளிடம் அவளுடைய டீச்சர், "உங்க அண்ணன் தலை பின்றாரா, வீடு கட்றாரா?" என்று கேட்டாராம்.

என் வேலையே அப்படி. முப்பது வருடமாக செக்கிங் மேஜையில் நிற்கிறேன். மேலே இரண்டு ட்யூப்லைட், கீழே வெள்ளை மேஜை. சட்டை வரும். முதலில் காலர், பிறகு பட்டன் பட்டி, கைப்பட்டி, பக்கத் தையல், கடைசியில் கீழ் மடிப்பு. தப்பு இருக்கும் இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அம்பின் நுனி கெட்ட தையலைத் தொட வேண்டும். பக்கத்துத் தையலைத் தொட்டால் பிரித்துத் தைக்கிற பெண்ணுக்கு வீண் வேலை. தப்பில்லாத சட்டையின் உள்பக்கச் சீட்டில் என் ஏழாம் நம்பர் முத்திரையைக் குத்துவேன். "ஏழாம் நம்பர் பாஸ் பண்ணினா திரும்பி வராது" என்று எங்கள் சூப்பர்வைசர் புதிதாக வந்தவர்களிடம் சொல்லுவார். அதைக் கேட்காத மாதிரி நின்று கேட்பேன்.

பொடிசு படித்தாள். படித்துக்கொண்டே இருந்தாள். முனைவர் பட்டம் வாங்கின பிறகு, வேறொரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் அதற்கு மேற்பட்ட ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள்.

மாடி வீட்டு அக்கா ஒருநாள் படியில் நிறுத்திக் கேட்டார். "உன் தங்கச்சி இன்னுமா படிக்குது?"

"படிப்பு முடிஞ்சிருச்சுக்கா. பட்டமும் வாங்கியாச்சு. இது அதுக்கு மேல."

"அதுக்கு மேல என்ன இருக்கு, மொட்டை மாடியா?"

உண்மையில் அவள் வேலை செய்யும் அறை மாடியில் இல்லை, தரைக்குக் கீழே இருக்கிறது. அதிர்வு இருக்கக் கூடாதாம். ஒரு தடவை என்னைக் கூட்டிப் போய்க் காட்டினாள். இருட்டு அறை. நடுவில் ஒரு மைக்ராஸ்கோப், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் உடம்புச் சூடு. உள்ளே மனிதர்களிடமிருந்து எடுத்த செல்கள் உயிரோடு இருக்கின்றன. ஒரு செல் இரண்டாகப் பிரிவதை மூன்று நிமிடத்துக்கு ஒரு படம் என்று விடாமல் எடுக்கிறது. இவள் அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்து, எது சரியாகப் பிரிந்தது, எது தப்பாகப் பிரிந்தது என்று குறிக்க வேண்டும்.

"உனக்குப் புரியும்ணா, இது உன் வேலைதான்" என்றாள். "ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நாப்பத்தாறு குரோமோசோம் இருக்கு. பிரியறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணும் ரெண்டாகும். அப்புறம் ரெண்டு பண்டிலா கட்டணும். இதுல ஒண்ணு, அதுல ஒண்ணு. ஒரு பண்டில்ல ஒரு காலர் கூடப் போச்சுன்னா?"

"இன்னொண்ணுல ஒரு காலர் குறையும். தையல் லைன்ல போய் வேலை நிக்கும்."

"அதேதான். அப்படி நடக்காம இருக்க உள்ளயே ஒரு செக்கர் இருக்கார். எல்லாத் துண்டும் சரியா மாட்டிருக்கான்னு பாப்பார். ஒண்ணு மாட்டலன்னாலும் பிரிய விட மாட்டார். உன்ன மாதிரி ஒரு ஆளு."

"அந்த ஆளு தூங்கிட்டா?"

"சில குடும்பத்துல பொறக்கும்போதே அந்தச் செக்கருக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல். அப்பாகிட்ட இருந்தோ அம்மாகிட்ட இருந்தோ வரும். தப்பான பண்டிலயும் பாஸ் பண்ணி விட்டுடும். அது சேந்து சேந்து ஒருநாள் கட்டியா வந்து நிக்கும். அந்தக் குடும்பங்களத்தான் தேடறோம்."

அன்று வீட்டுக்கு வந்து என் பையிலிருந்த சிவப்பு அம்பு ஸ்டிக்கரில் நாலு தாள் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். கெட்ட செல்லைக் குறிக்க உதவும் என்று. அதை அவள் நிஜமாகவே பயன்படுத்தினாள்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

ஐந்து வருடத்துக்கு முன் எனக்கு நாற்பத்து நான்கு வயது நடந்தபோது மலத்தில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். பெருங்குடலில் கட்டி. அம்மாவுக்கு வந்த அதே இடம், அதே வயது. வெட்டி எடுத்தார்கள். முழுதாக எடுத்துவிட்டோம், நேரத்துக்கு வந்தீர்கள் என்றார் டாக்டர். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "உங்க அம்மாவுக்கும் இருந்ததுன்னு சொல்றீங்க. கூடப் பிறந்தவங்ககிட்ட, பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க. அவங்களும் பரிசோதனை செஞ்சுக்கணும்" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவிக்கு மட்டும் தெரியும். கம்பெனியில், அக்கம்பக்கத்தில், என் மகளிடம், பொடிசிடம், எல்லாரிடமும் அப்பெண்டிக்ஸ் என்றேன். பொடிசு அப்போது வேறு ஊரில் ஆய்வேட்டை முடித்துக்கொண்டிருந்தாள். "சொன்னா அவ படிப்பு கெட்டுப்போகும்" என்று மனைவியிடம் சொன்னேன். அது முழுப் பொய் இல்லை, ஆனால் காரணமும் அது இல்லை.

அம்மா படுத்திருந்த கடைசி ஐந்து மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் வாசலுக்கு உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால் என்று நிற்பார்கள். தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்பார்கள். அம்மா கிடந்த பின்னறையின் வாடை என் சட்டையிலும் இருக்குமோ என்று கம்பெனியில் நான் யார் பக்கத்திலும் உட்கார மாட்டேன். என் வீட்டை இனி யாரும் அப்படிப் பார்க்கக் கூடாது என்று பத்தொன்பது வயதில் நினைத்தேன். இருபத்தைந்து வருடம் கழித்தும் அதையேதான் நினைத்தேன். அதுவும் குடல், மலம், ரத்தம். எப்படிச் சொல்வது? அந்த வார்த்தைகளை இங்கே எழுதவே எனக்கு மூன்று நாள் ஆனது.

ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் கழித்து மகளுக்கு வரன் வந்தது. பையன் வீட்டுக் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது அவனுடைய அம்மா நேராகவே கேட்டார். "தப்பா நினைக்காதீங்க. வீட்டுல யாருக்காவது பெரிய வியாதி ஏதும் உண்டா?"

"அப்படி எதுவும் இல்லைங்க" என்றேன். குரல் தடுமாறவில்லை.

சரியாக ஒரு மாதம் கழித்துப் பொடிசு ஃபோன் செய்தாள். "அண்ணா, ஆராய்ச்சிக்குக் குடும்ப வரைபடம் சேக்கறோம். நம்ம அம்மாவோட குடும்பத்தையும் பாக்கலாம்னு இருக்கேன். ஆம்பளைக்குக் கட்டம், பொம்பளைக்கு வட்டம். புற்றுநோய் வந்தவங்களக் கறுப்பா நிரப்பணும். இறந்தவங்க மேல ஒரு சாய்கோடு. வயசு பக்கத்துல எழுதணும். உன்னை விட்டா யாரு சரியாச் செய்வா?"

பெரிய வரைபடத் தாள் வாங்கினேன். முதலில் பென்சில், பிறகு மை. மூன்று தலைமுறை, முப்பத்தொரு பேர். மாமா, சித்தி, அவர்கள் பிள்ளைகள் எல்லாரையும் ஃபோனில் பிடித்து வயது கேட்டேன். ஒரு மாமாவின் வயதில் ஒரு வருடம் இடித்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போய்ப் பள்ளிச் சான்றிதழை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். "எனக்கு என்ன வேலை வாங்கித் தரப் போறியா?" என்று அவர் சலித்துக்கொண்டார்.

அம்மாவின் வட்டத்தைக் கறுப்பாக்கினேன். அடுத்த வரிசையில் என் கட்டம். ஸ்கேலை அதன் ஓரத்தில் வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தேன். சம்பந்தி வீட்டில் ஒன்றும், தங்கையிடம் வேறொன்றும் சொன்னால் என்றாவது ஒருநாள் இரண்டும் மோதும். பொய்கூட இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும் எனக்கு. கட்டத்தை வெள்ளையாகவே விட்டுவிட்டு, பக்கத்தில் வயதை அழகாக எழுதினேன்.

வரைபடம் கிடைத்ததும் அவள் கூப்பிட்டாள். "எங்க ஆளுங்க கம்ப்யூட்டர்ல போடறதுகூட இவ்வளவு நேரா இல்லண்ணா." பத்து நாள் கழித்து மறுபடி கூப்பிட்டாள். "நம்ம குடும்பம் சேராது. ரெண்டு தலைமுறையில ரெண்டு பேருக்காவது இருந்தாத்தான் எடுப்போம். அம்மாவுக்கு மட்டும்னா தற்செயலாக்கூட இருக்கலாம். நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்றேன்.

வருடத்துக்கு ஒரு தடவை, ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் என்னை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

இந்த வருடத் தொடக்கத்தில் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் பொதுமக்களுக்காக ஒரு நாள் ஒதுக்கினார்கள். பொடிசு பேசுகிறாள் என்று அழைப்பு வந்தது. மனைவியைக் கிளம்பச் சொன்னேன்.

"நீங்க போங்க" என்றாள், துணி மடித்துக்கொண்டே. "அவ முகத்தப் பாத்துக்கிட்டு என்னால அங்க உக்கார முடியாது."

நான் போனேன். புதுச் சட்டை, நானே பாஸ் பண்ணினது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அவள் பண்டில் கதையைச் சொன்னாள், காலர் கதையைச் சொன்னாள். சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு திரையில் ஒரு வரைபடம் வந்தது. பெயர்களை மறைத்திருந்தாள். ஆனால் கோடு என் கோடு.

"இது எங்க குடும்பம். வரைஞ்சது என் அண்ணன். சட்டைக் கம்பெனியில செக்கர். இன்னிக்கு வந்திருக்கார், மூணாவது வரிசையில."

எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். நான் எழுந்து நிற்பதா, உட்கார்ந்தே இருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்து பாதி உட்கார்ந்தேன்.

அவள் கையிலிருந்த லேசர் விளக்கின் ஒளிப்புள்ளி அம்மாவின் வட்டத்திலிருந்து இறங்கி வந்து என் கட்டத்தில் நின்றது. "இதுதான் அவர். அம்மா போன வயசத் தாண்டி அஞ்சு வருஷம் ஆச்சு, சுத்தமா இருக்கார். எல்லாரும் கறுப்புக் கட்டத்தத்தான் பாப்பாங்க. எங்களுக்கு வெள்ளைக் கட்டமும் அதே அளவு முக்கியம். அது உண்மையா இருந்தாத்தான் மத்த எல்லாம் நிக்கும்."

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "அப்ப உங்களுக்கு அந்தப் பயம் இல்லையா மேடம்?"

பொடிசு சிரித்தாள். "அண்ணன் சுத்தமா இருக்கறவரைக்கும் இல்ல."

என் வயிற்றுத் தழும்பு சட்டைக்குள் எரிந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு பெண்மணி என் கையைத் தொட்டு, "உங்க தங்கச்சியா? குடுத்து வெச்சவர் நீங்க" என்றார். பஸ்ஸில் ஒரு மணி நேரம் பேசுகிற எனக்கு அன்றைக்கு ஆமாம் என்றுகூட வாய் வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவள் என்னைக் கீழே தன் அறைக்குக் கூட்டிப் போனாள். மேஜை முழுக்கச் செல்களின் படங்கள், அவற்றின் மேல் என் சிவப்பு அம்புகள். நுனி எல்லாம் சரியான இடத்தைத் தொட்டிருந்தது. நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

"பாத்தியா, தீந்துபோச்சு. அடுத்த தடவை இன்னும் ரெண்டு தாள் கொண்டா."

"பொடிசு, அந்தக் கட்டம் வெள்ளை இல்ல" என்றேன்.

அவளுக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"எங்க?"

"பெருங்குடல்ல. இடது பக்கம்."

"எத்தன வயசுல?"

"நாப்பத்து நாலு."

"அப்பெண்டிக்ஸ்னு சொன்னியே, அதுவா?"

"அதுதான்."

"ரிப்போர்ட் எங்க?"

"வீட்டுல. பீரோவுல, உன் சர்ட்டிஃபிகேட் ஃபைலுக்குக் கீழ."

"கூடப் பொறந்தவங்களுக்குச் சொல்லச் சொல்லி டாக்டர் சொல்லலயா?"

"சொன்னார்."

"சொன்னியா?"

"இல்ல."

"என்கிட்ட சொன்னியா?"

"இல்ல பொடிசு."

பள்ளிக்கூடத்தில் பதில் சொல்லாதவனை நிற்க வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பது போல இருந்தது. நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"மாமாவோட வயசுல ஒரு வருஷம் இடிச்சதுக்கு வீடு தேடிப் போய் சர்ட்டிஃபிகேட் பாத்தல்ல?"

"ஆமா."

"அந்தக் கையாலதான் இதையும் வரைஞ்ச."

நான் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"அம்மாவோட ரத்தம் நம்மகிட்ட இல்ல. நோய் வந்தும் உயிரோட இருக்கற ஒரே ஆள் நீ. உன் ரத்தத்துலதான் தேடவே முடியும். மூணு வருஷம் போச்சு. உன் பொண்ணு இருக்கா. நான் இருக்கேன்." அவள் குரல் உயரவே இல்லை. "தெரிஞ்சே பாஸ் பண்ணிட்டல்ல நீ."

முப்பது வருடத்தில் அந்த வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் மைக்ராஸ்கோப் ஒரு தரம் 'டிக்' என்றது. மூன்று நிமிடம் கழித்து மறுபடி 'டிக்' என்றது.

"ஒண்ணு நானும் சொல்லணும்" என்றாள் பிறகு. "அம்மாவுக்கு நாப்பத்து நாலுல வந்ததுன்னா நான் முப்பத்து நாலுலயே குடலுக்குள்ள குழாய் விட்டுப் பாத்திருக்கணும். வர்ற குடும்பத்துக்கெல்லாம் நான்தான் அதச் சொல்றேன். நான் போகல. பயம். ஒவ்வொரு வருஷமும் உன் கட்டத்தப் பாத்துட்டுத் தள்ளிப்போட்டேன். எனக்கும் அது வசதியா இருந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதச் சொன்னதால உன்ன மன்னிச்சு விட்டுட்டேன்னு நினைக்காத."

"நினைக்கல."

இழுப்பறையைத் திறந்து என் வரைபடத்தை எடுத்தாள். மடிக்காமல் அட்டையில் ஒட்டி வைத்திருந்தாள். ஒரு கறுப்புப் பேனாவை என் பக்கம் தள்ளினாள். நான் ஸ்கேல் கேட்டேன்.

"நிரப்பறதுக்கு எதுக்கு ஸ்கேல்?"

"ஓரம் தாண்டிடும்."

கொடுத்தாள். நாலு ஓரத்திலும் கோடு போட்டுவிட்டு உள்ளே நிரப்பினேன். வயதின் கீழே, நோய் வந்த வயது 44 என்று எழுதினேன். அம்மாவின் வட்டத்தின் கீழேயும் அதே 44.

"இன்னும் ஒண்ணு பாக்கி" என்றாள். "எந்த ஆள் மூலமா ஒரு குடும்பம் தெரிய வருதோ, அவங்களக் காட்டி ஒரு அம்பு போடணும். அதுதான் முறை."

என் சட்டைப் பையில் எப்போதும் அரைத் தாள் ஸ்டிக்கர் இருக்கும். ஒன்றைப் பிரித்து எடுத்தேன். முதல் தடவை கோணலாக விழுந்தது. எடுத்து மறுபடி ஒட்டினேன், நுனி கட்டத்தைத் தொடுகிற மாதிரி.

அடுத்த ஞாயிறு மகள் வீட்டுக்குப் போனேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம்தான். ஆனால் பொய்யை அந்தக் கூடத்தில் உட்கார்ந்துதான் சொன்னேன். அதே கூடத்தில், சம்பந்தி அம்மா இருக்கும்போதே சொன்னேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, "நான் அப்பவே கேட்டேனே" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார். அதற்கு மேல் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மகள் என்னையே பார்த்தாள். "அப்பெண்டிக்ஸுக்கு இவ்வளவு நீளத் தையலாம்மான்னு அப்பவே அம்மாகிட்ட கேட்டேன்பா. அப்பாகிட்ட போய்த் தையலப் பத்திப் பேசாதன்னு சொல்லிட்டாங்க." கொஞ்சம் பொறுத்து, "அத்தைக்கு ஃபோன் போடுங்க. எங்க வந்து ரத்தம் குடுக்கணும்னு நானே கேட்டுக்கறேன்" என்றாள். வாசல் வரை அவளும் மருமகனும் வந்தார்கள். மருமகன் என் செருப்பை எடுத்து நேராகத் திருப்பி வைத்தார். அதற்கே எனக்குக் கண் நிறைந்தது.

என்னுடையது, மகளுடையது, பொடிசுடையது என்று மூன்று பேர் ரத்தமும் பரிசோதனைக்குப் போனது. தேடியது என் ரத்தத்தில் இருந்தது. அந்தச் செக்கரின் கண்ணை மங்கலாக்குகிற ஒரே ஒரு மாற்றம். மகளுக்கு இல்லை. பொடிசுக்கு இருந்தது.

அவளை உள்ளே கொண்டுபோய்க் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்த அன்று, வெளியே பெஞ்சில் நானும் என் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். மனைவி என்னோடு பேசவில்லை. ஆனால் தள்ளி உட்காரவும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். மயக்க மருந்து தெளியாமல் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரியின் பச்சை அங்கி, பக்கத்தில் நாடா வைத்துக் கட்டுவது.

"ரெண்டு இருந்துச்சுண்ணா. சின்னச் சின்னக் கட்டி. இன்னும் கெட்டதா மாறல. எடுத்துட்டாங்க."

"மூணு வருஷம் முன்னாடி பாத்திருந்தா?"

"தெரியாது. இருந்திருக்கலாம், இல்லாமயும் இருந்திருக்கலாம். உனக்காக ஒரு பதில் தயார் பண்ணிச் சொல்ல மாட்டேன்."

"வேண்டாம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் போர்வையைச் சரி செய்தேன். அங்கியின் நாடா என் கைக்கு நேராக இருந்தது.

"தையலப் பாக்குறியா?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"இல்ல" என்றேன். உடனே, "ஆமா, பாத்தேன். நாடாவுல எட்டுத் தையல் விட்டுப்போயிருக்கு" என்றேன்.